26 எழுத்தும் தெரியும், ஆனா படிக்கத் தெரியலை

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் கிடையாது, அப்ரைசல் புலம்பல் கிடையாது. ஒரு அஞ்சு வயசுக் குழந்தை படிக்கக் கத்துக்கிட்ட கதை. கேட்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகலைன்னு தெரியும். எனக்கும் ஆகலை. ஆனா அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை, பக்கத்து ஃபிளாட் பிள்ளைன்னு யாராவது ஒருத்தர் இருப்பாங்க இல்லையா? ஞாயித்துக்கிழமை அவங்க கையில போனைக் குடுத்துட்டு ஓரமா உட்கார்ற மாமாக்கள், சித்திகள் எல்லாருக்கும் இது.

கதை எங்க அக்கா பொண்ணோடது. பேரு வேண்டாம், குட்டின்னு வெச்சுக்கலாம். அப்ப அவ யூகேஜி. அக்கா வீடு வேளச்சேரி, நான் இருக்கிறது சோழிங்கநல்லூர், அதனால சனி ஞாயிறு ஆனா அங்கதான் சாப்பாடு. குட்டிக்காக நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். லேப்டாப்ல ஏதாவது ஒரு இங்கிலீஷ் எழுத்து வரும், அவ அதோட பேரைச் சொல்லணும், சரியா சொன்னா பலூன் வெடிக்கும். மூணே வாரத்துல 26க்கு 26. பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டும். நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸே போட்டேன்.

கொஞ்ச நாள்ல ஸ்கூல் டைரியில ஒரு குறிப்பு வந்தது. குழந்தைக்கு ரீடிங் வரலை, வீட்டுல கவனிங்கன்னு. அக்கா எனக்குத்தான் போன் பண்ணினா. "டேய், இவளுக்கு எல்லா எழுத்தும் தெரியும்னு நீதானடா சொன்ன?"

சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். ஒரு படப்புத்தகம். பக்கத்துல ஒரு நாய்க்குட்டி, கீழே மூணே எழுத்து: டி, ஓ, ஜி. 'டாக்'. குட்டி பார்த்தா, சிரிச்சா, "பப்பி"ன்னா. நான் கையால படத்தை மூடினேன். "இப்ப படி." அவ ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சு, "டீ... ஓ... ஜீ" அப்படின்னா. சேர்த்துச் சொல்லுன்னேன். "டியோஜீ." அப்புறம் என் முகத்தைப் பார்த்தா. நான் சிரிச்சிருக்கக் கூடாது, சிரிச்சுட்டேன். அவ புத்தகத்தை மூடி வெச்சுட்டு, "எனக்கு வராது மாமா, நான் மக்கு"ன்னா. அஞ்சு வயசு. அந்த வார்த்தையை எங்கே கத்துக்கிட்டான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. வேலையில நமக்கு இது அடிக்கடி நடக்கும்: எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகும், ஆனா டெஸ்ட் பண்ணினதே தப்பான விஷயமா இருக்கும். நான் டெஸ்ட் பண்ணினது எழுத்தோட பேரை. படிக்கிறதுக்கு வேணும்கிறது எழுத்தோட ஓசை. இங்கிலீஷ்ல இது ரெண்டும் வேற வேற.

யோசிச்சுப் பாருங்க. 'எச்'ங்கிற பேர்ல 'ஹ்' எங்கே இருக்கு? 'டபிள்யூ'ங்கிற பேர் 'வ்'வுல ஆரம்பிக்கவே இல்லை. 'சீ'ன்னு சொல்லிக்குடுத்துட்டு, அந்த எழுத்து 'கப்'புல வரும்போது 'க்'ன்னு படிக்கச் சொல்றோம். குழந்தை நாம சொன்னதைத்தான் செஞ்சா. டீ, ஓ, ஜீ மூணையும் ஒழுங்காக் கூட்டினா 'டியோஜீ'தான் வரும். கூட்டல் சரி, நான் குடுத்த எண்கள்தான் தப்பு.

அடுத்த வாரம் முழுக்க ஆபீஸ் பஸ்ல இதைப் பத்தியே படிச்சேன். இந்த விஷயத்துல இங்கிலீஷ்காரங்களே பல வருஷம் சண்டை போட்டிருக்காங்க. முழு வார்த்தையையும் படம் மாதிரி மனப்பாடம் பண்ணட்டும்னு ஒரு கட்சி, ஓசையைச் சொல்லிக்குடுத்துக் கூட்டட்டும்னு இன்னொரு கட்சி. 2000ல அமெரிக்காவுல நேஷனல் ரீடிங் பேனல்னு ஒரு குழு, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஓசைகளை முறையா வரிசைப்படுத்திச் சொல்லிக்குடுக்கிறது பலன் தருதுன்னு சொல்லிச்சு. 2006ல இங்கிலாந்துல ரோஸ் அறிக்கையும் அதே பக்கம்தான் நின்னுது. இதுக்குத்தான் ஃபோனிக்ஸ்னு பேர். நம்ம ஊர்லயும் நிறைய ஸ்கூல் பிரௌசர்ல இந்த வார்த்தை இருக்கு. வகுப்புக்குள்ள இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

இங்கிலீஷ்ல எழுத்து 26, ஓசை சுமார் 44. ஏ, பி, சி வரிசையில ஓசையைச் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சா ஆரம்பத்துல கொஞ்சம் வார்த்தைதான் கிடைக்கும். அதனால ஜாலி ஃபோனிக்ஸ் மாதிரியான திட்டங்கள் எஸ், ஏ, டி, ஐ, பி, என்-னு ஆரம்பிக்கும். இந்த ஆறு எழுத்தை வெச்சுக்கிட்டே பின், டின், டிப், சிட், நிப்னு ஏகப்பட்ட வார்த்தை கூட்டலாம். முதல் வாரத்துலயே குழந்தை ஏதோ ஒண்ணைப் படிச்சிடும். அந்த 'படிச்சிட்டேன்'ங்கிற சந்தோஷம் எங்க குட்டிக்குத்தான் அவசரமாத் தேவைப்பட்டுது.

ஆனா இங்கே ஒரு குழி இருக்கு, நான் அதுலயும் விழுந்தேன். 'பி'யோட ஓசையைச் சொல்லுன்னா நம்ம வாய் 'ப'ன்னு சொல்லும். 'டி'க்கு 'ட'. அப்ப 'டிப்' எப்படி வரும்? 'ட-இ-ப'. கூட்டினா 'டஇப'. குட்டி திரும்பவும் என் முகத்தைப் பார்க்கிறா. ஓசையோட ஒரு 'அ' ஒட்டிக்கிட்டே வருது, அதைக் கழட்டணும். யூடியூப்ல வெள்ளைக்கார டீச்சர்ஸ் எல்லாம் இதை அரைமணி நேரம் விளக்குறாங்க. வாயை இப்படி வைங்க, காத்தை மட்டும் விடுங்கன்னு.

எங்க அம்மா அடுப்படியிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. "ஏண்டா இவ்வளவு கஷ்டப்படுற? புள்ளி வெச்சு எழுதேன்"னாங்க.

நான் அப்படியே நின்னுட்டேன். ப, ப். ட, ட். ஒட்டிக்கிட்டிருக்கிற 'அ'வை எடுத்துடுன்னு சொல்ற ஒரு குறி, நம்ம எழுத்துலயே இருக்கு. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டுன்னு தொல்காப்பியத்துலயே வருது. இங்கிலீஷ்ல அரைமணி நேரம் விளக்க வேண்டியதை நாம ஒரு புள்ளியில முடிச்சு வெச்சிருக்கோம், நான் அதை மறந்துட்டு யூடியூப் பார்த்துக்கிட்டிருக்கேன். அன்னைக்கே அட்டைகள் வெட்டினோம். முன்பக்கம் இங்கிலீஷ் எழுத்து, பின்பக்கம் அக்காவுக்கும் மாமாவுக்கும் உதவியா 'ஸ்', 'ட்', 'ப்', 'ன்'. பெரியவங்க யார் சொல்லிக்குடுத்தாலும் ஒரே மாதிரி சொல்லணும் இல்லையா, அதுக்கு.

எல்லா இடத்துக்கும் இது உதவாது. குண்டூசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்'. தமிழ் எழுத்துல ரெண்டும் ஒண்ணு. அந்த மாதிரி இடத்துல அட்டையைத் தூக்கிப் போட்டுட்டுத் தொண்டையில கை வெச்சுக் காட்டினேன். குப்பைத்தொட்டிக்குத் தொண்டை அதிரும், குண்டூசிக்கு அதிராது. குட்டிக்கு இது பயங்கரப் பிடிச்சுப்போய் வீட்டுல எல்லார் தொண்டையிலயும் கை வெச்சா, தாத்தா உட்பட.

அப்புறம் சேர்க்கிற விதம். 'ஸ்', 'ம்', 'ன்', 'ஃப்' எல்லாம் இழுக்க முடிகிற ஓசைகள். ஸ்ஸ்ஸ்னு மூச்சு இருக்கிற வரை இழுக்கலாம். 'ப்', 'ட்', 'க்' எல்லாம் இழுக்க முடியாது, சட்டுனு முடிஞ்சிடும். அதனால ஆரம்பத்துல முதல் ஓசை இழுக்க முடிகிற வார்த்தையா எடுக்கணும். ஸ்ஸ்ஸ்இஇஇட். நடுவுல நிறுத்தவே கூடாது. நிறுத்தி நிறுத்திச் சொன்னா கடைசி ஓசை வரும்போது முதல் ஓசை மறந்துடும். சின்ன மெமரி, அவ்வளவுதான். ஓசை ஓசையா வெட்டிச் சொல்ற குழந்தையைப் பார்த்து 'சேர்த்துச் சொல்லு, சேர்த்துச் சொல்லு'ன்னு கத்துறதால ஒண்ணும் ஆகாது. நாம இழுத்துக் காட்டினா அதுவா வரும்.

இன்னொரு விஷயம், இதுக்கு எழுத்தே தேவையில்லை. சோவியத் உளவியலாளர் எல்கோனின் ஒரு வழி சொன்னார்: ஒரு வார்த்தையில எத்தனை ஓசையோ அத்தனை கட்டம், ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு வில்லையைக் கட்டத்துக்குள்ள தள்ளணும். அம்மா பரண்லேர்ந்து பல்லாங்குழியை இறக்கினாங்க. புளியங்கொட்டை. 'பின்'னுன்னா மூணு குழி, மூணு கொட்டை. 'ஸ்டாப்'னா நாலு. குட்டி 'ஸ்'ஸையும் 'ட்'டையும் ஒரே குழியில போட்டா, ரெண்டு நாள் கழிச்சு அவளே பிரிச்சா. ஆபீஸ்ல இருந்து வந்து பார்த்தா மாமனார் மருமகன் எல்லாம் உட்கார்ந்து 'ஸ்பிரிங்'குக்கு எத்தனை கொட்டைன்னு சண்டை. அஞ்சு. கடைசியில வர்ற 'ங்' இங்கிலீஷ்ல ஒரே ஓசை.

அதே பல்லாங்குழியில தமிழ் வார்த்தை போட்டப்ப ஒரு வேடிக்கை. 'படம்'னு சொன்னேன். குட்டி மூணு கொட்டை போட்டா: ப, ட, ம். கணக்குப்படி பார்த்தா அதுல அஞ்சு ஓசை இருக்கு, ஆனா நான் திருத்தலை. நம்ம மொழிக் குழந்தைங்களுக்கு முதல்ல காதுல விழறது அசைதான். கன்னடக் குழந்தைகளை வெச்சு சோனாலி நாக் செஞ்ச ஆய்வு ஒண்ணு 2007ல வந்தது. அசையைப் பிரிக்கிறது சீக்கிரம் வந்துடுது, தனி ஓசையைப் பிரிக்கிறது மெதுவா வருது, எழுத்து முழுசும் பிடிபட சில வகுப்புகளே ஆகுதுன்னு அதுல இருக்கு. நாம சின்ன வயசுல பேசின 'க' பாஷை ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாடியும் ஒரு 'க' போட்டுப் பேசுவோமே, டீச்சருக்குப் புரியக் கூடாதுன்னு. யாரும் சொல்லித்தராமலே அசை அசையாப் பிரிச்சிருக்கோம்.

இப்ப நான் உண்மையிலேயே சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். ரெண்டு மாசத்துல குட்டி இங்கிலீஷ்ல சின்னச் சின்ன வார்த்தை கூட்ட ஆரம்பிச்சுட்டா. எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு நாள் 'நிப்'னு கரெக்டா படிச்சா. "சூப்பர்! நிப்னா என்ன?"ன்னேன். தெரியலை. 'டிப்'? தெரியலை. 'சிட்' தெரியும், ஏன்னா கிளாஸ்ல டீச்சர் தினமும் சொல்றாங்க.

1986ல கஃப், டன்மர்னு ரெண்டு பேர் ஒரு சூத்திரம் சொன்னாங்க. வாசிப்புங்கிறது எழுத்தை ஓசையாக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரிஞ்சுக்கிற திறன். கவனிங்க, கூட்டல் இல்லை, பெருக்கல். ரெண்டுல ஒண்ணு சைபர்னா மொத்தமும் சைபர். டியோஜீ காலத்துல முதல் பாதி சைபர். நிப் காலத்துல ரெண்டாவது பாதி சைபர். எந்த மொழியில அந்த ரெண்டாவது பாதி ஏற்கெனவே நிறைஞ்சு வழியுது? அவ நாள் முழுக்க வாயாடுற மொழியில.

அக்காவுக்கு இது பிடிக்கலை. "ஒண்ணாம் கிளாஸ்லதான்டா தமிழ். ஒண்ணே வரலை, ரெண்டாவது வேறயா?"ன்னா. நியாயமான பயம்தான். 247 எழுத்துன்னா யாருக்குத்தான் பயம் வராது? ஆனா அது 247 தனித்தனி விஷயம் இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒண்ணு. மிச்சம் 216ம் பெருக்கல் வாய்ப்பாடு. உ, ஊ வரிசைதான் ஒழுங்கில்லாம இருக்கும், அதை உட்கார்ந்து பழகத்தான் வேணும். மத்தபடி கால், கொம்பு, சுழி புரிஞ்சா பெரும்பாலும் வந்துடும்.

அ, ஆ, இ, ஈ-னு வரிசையா ஔ வரைக்கும் போய், பிறகு க, ங-ன்னு ஆரம்பிக்கலை. 'ங'வை வெச்சு அவ எந்த வார்த்தை படிக்கப் போறா? ப, ட, ம, அப்புறம் புள்ளி. இவ்வளவுதான் முதல் நாள். படம், பட்டம், மடம், மட்டம். அ சேர்த்தா அடம். காலைப் போட்டா பாட்டம், மாடம், மாமா. நான் 'மாமா'ன்னு எழுதினப்ப அவ படிச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே... சரி, அதை விடுங்க.

தமிழ்லயும் பேர் பிரச்சினை உண்டு. நாம மெய்யெழுத்தை 'இக், இங், இச்'னுதான் சொல்லிக்குடுப்போம். அம்மா குட்டிக்கு 'அ, இம், மா'ன்னு சொல்லிக்குடுத்தாங்க. அவ 'அஇம்மா'ன்னு படிச்சா. ஆஹா, இங்கேயும் பேர்தானான்னு நினைச்சேன். ஆனா ஒரே ஒரு 'இ'தான் கூடுதல். வாயை மூடி 'ம்ம்'னு சொல்லுன்னதும் 'அம்மா' வந்துடுச்சு. அவளுக்குத் தெரிஞ்ச வார்த்தைங்கிறதால வாயே திருத்திக்கிச்சு.

க, ச, ட, த, ப பத்தி நிறைய பேர் கேட்பீங்க. ஒரே எழுத்து பல ஓசை, குழந்தை குழம்பாதான்னு. 'கண்'ல ஒரு க, 'தங்கம்'ல வேற க. 'பல்'லுக்கு ஒரு ப, 'பயம்'னு சொல்லும்போது பல பேர் வாயில வேற ப. குட்டி 'தங்கம்'னு முதல் தடவை படிச்சப்ப வல்லினமா 'தங்க்கம்'னு அடிச்சா, ஒரு நொடி நின்னா, "ஓ, தங்கம்!"னா. விதி எதுவும் நான் சொல்லலை. மெல்லினத்துக்குப் பக்கத்துல வந்தா மென்மையாகும்னு இலக்கணம் சொல்றதை அவ நாக்கு ஏற்கெனவே தெரிஞ்சு வெச்சிருக்கு.

உண்மையான தொல்லை கொம்பு. 'கெ'யில கொம்பு முன்னாடி நிக்குது, ஓசை பின்னாடி வருது. 'கொ'ன்னா ரெண்டு பக்கமும். இடமிருந்து வலமாப் படின்னு அப்பத்தான் சொல்லிக்குடுத்திருக்கோம்! யூனிகோட் செஞ்சவங்களும் இதுல முட்டியிருப்பாங்க போல. திரையில கொம்பு முன்னாடி தெரியும், உள்ளே சேமிக்கிறப்ப க முதல்ல, கொம்பு அப்புறம்தான், சொல்ற வரிசையிலயே. குட்டிகிட்ட "கொம்பு முந்திரிக்கொட்டை, அவசரப்பட்டு முன்னாடி வந்து நிக்கும், நீ பின்னாடி போகச் சொல்லு"ன்னேன். ஒத்துக்கிட்டா.

இன்னொண்ணு, எல்லாப் புத்தகத்துலயும் 'தண்ணீர்'. அவளுக்குத் தெரிஞ்சது 'தண்ணி'. 'வருகிறாள்'னு எழுதியிருந்தா அவ 'வர்றா'ன்னு படிப்பா. அதைத் தப்புன்னு அடிக்காதீங்க. அர்த்தம் புரிஞ்சிருக்கு, எழுத்தை மட்டும் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னா போதும்.

நிஜமாவே கூட்டிப் படிக்கிறாளா, மனப்பாடமான்னு பார்க்க ஒரு வழி. இங்கிலாந்துல 2012லேர்ந்து ஆறு வயசுப் பிள்ளைங்களுக்கு 40 வார்த்தை குடுத்து ஒரு சோதனை வெக்கிறாங்க, அதுல 20 அர்த்தமே இல்லாத வார்த்தைங்க. பக்கத்துல ஒரு விநோதப் பிராணியோட படம், அதோட பேர்னு வெச்சுக்கணும். நாங்க தமிழ்ல பண்ணினோம். மிப்பாட்டு, டமூமி, பாடிம்மா. படம் வரையறது அவ வேலை, பேர் வெக்கிறது என் வேலை, படிக்கிறது மறுபடி அவ வேலை. டமூமிக்கு மூணு கண்ணு.

தினமும் பத்து நிமிஷம்தான். அழுதா அன்னைக்கு அவ்வளவோட நிறுத்திடுவோம். இவ்வளவும் செஞ்சும் ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் ஒரு குழந்தைக்கு ஓசை ஒட்டவே இல்லைன்னா, மக்குன்னு முடிவு கட்டாம முதல்ல காதைப் பரிசோதிங்க, கண்ணைப் பரிசோதிங்க. டிஸ்லெக்ஸியாவான்னு கேட்க சென்னையில மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் மாதிரி இடங்கள் இருக்கு. அது வேற கதை, அந்தத் துறையில இருக்கிற யாரையாவது கூப்பிட்டுத் தனி எபிசோட் பண்ணணும்.

போன வாரம் விஜயநகர் சிக்னல். ஸ்கூட்டர்ல குட்டி முன்னாடி நிக்கிறா. சிவப்பு விழுந்து நிக்கிறோம். எதிர்ல ஒரு கடை போர்டு. "நகை"ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் அமைதி. "அ... ட... கு. அடக்கு." எதை அடக்கன்னு எனக்கே ஒரு நிமிஷம் புரியலை. அப்புறம் நிமிர்ந்து போர்டைப் பார்த்தேன். "அடக்கு இல்லடா, அடகு."

"அடகுன்னா?"

"அம்மா வளையலை அவங்ககிட்ட குடுத்துட்டுக் காசு வாங்கறது."

"அப்ப வளையல் திரும்ப வராதா?"

வட்டி கட்டினா வரும்னு சொல்றதுக்குள்ள பச்சை விழுந்துடுச்சு. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அவங்க அம்மா கையைப் போய்ப் பார்த்தா.

சரி மக்களே, உங்க வீட்டு வாண்டு முதல்ல தானாப் படிச்ச போர்டு எதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.